மெருகு ஏறிய மூன்று குண்டுகள்

எனக்கு எந்த விளையாட்டும் ஆடத் தெரியாது. பார்க்கவும் முடியாது. டீக்கடை டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தால் கடைசி ஓவர் வருவதற்கு முன்பே எழுந்து வெளியே வந்து தெருவில் நின்றுகொள்வேன். உள்ளேயிருந்து வரும் சத்தத்தை வைத்து ஜெயித்தார்களா தோற்றார்களா என்று கண்டுகொள்வேன். ஜெயித்திருந்தால் மட்டும் உள்ளே போய் மிச்ச டீயைக் குடிப்பேன். பரீட்சைக்குப் பயந்தே எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பந்து எந்தப் பக்கம் போகும் என்று காத்திருப்பதற்கெல்லாம் என்னிடம் தெம்பு கிடையாது.

அப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை ஆனால் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய மெடலையும் ஒடுக்கு விழுந்த கோப்பையையும் தேடிக்கொண்டு அலைந்தேன் என்றால் சிரிப்பார்கள். என் மனைவி சிரித்தாள். எனக்கே காரணம் ரொம்ப நாள் தெரியவில்லை. பிறகு ஒருநாள் தோன்றியது. மெடல் என்பது முடிந்துபோன ஆட்டம். யாரோ எப்போதோ ஓடி, ஜெயித்து, கழுத்தில் மாட்டி, கழற்றியும் வைத்தாயிற்று. இனிமேல் அது தோற்காது. கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் நெஞ்சு படபடக்காது. உலகத்தில் எனக்குப் பயம் தராத சாமான் அது ஒன்றுதான்.

இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷங்கள் அவை. வாரம் முழுக்க ஒரு ஹார்ட்வேர் கடையில் ஆணியும் பிவிசி பைப்பும் எடுத்துக் கொடுக்கும் வேலை. ஞாயிறு லீவு. அன்றைக்குக் காந்தி வீதியில் பெரிய கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கியிருக்கும். அந்த ஷட்டர்களுக்கு முன்னால் நடைபாதை முழுக்க டீ ஷர்ட், பனியன், செருப்பு, பிளாஸ்டிக் வாளி என்று விரித்துவிடுவார்கள். அதையெல்லாம் தாண்டி நடந்தால் கடைசியில் பழைய சாமான்காரர்கள். நான் நேராக அங்கே போய்விடுவேன்.

அங்கே விளையாட்டுச் சாமான் எப்படி வந்து சேர்கிறது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சு பென்ஷன் வாங்கிய பெரியவர் ஒருவர் போய்ச் சேர்ந்திருப்பார். பிள்ளைகள் பிரான்ஸிலிருந்து வந்து வீட்டைக் காலி செய்வார்கள். நிலைக்கண்ணாடி, நாற்காலி, கட்டில் எல்லாம் லாரியில் வருகிற வியாபாரிக்குப் போகும். மிச்சம் மீதி காயலாங்கடைக்கு எடைக்குப் போகும். அங்கே பொறுக்கி எடுத்தது இந்த நடைபாதைக்கு வரும். அதிலும் கடைசியில் கிடப்பது கோப்பையும் மெடலும்தான். அடுத்தவன் ஜெயித்ததை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? நான் வாங்கினேன். ஐம்பது ரூபாய்க்கு மேல் போனால் வாங்கமாட்டேன், அவ்வளவுதான் என் சட்டம். ஒரு கைப்பிடி இல்லாத கால்பந்துக் கோப்பை, நாடா மட்கிப்போன ஓட்டப்பந்தய மெடல், யாரோ சைக்கிள் ரேசில் முதுகில் கட்டிக்கொண்டு ஓட்டிய நம்பர் துணி, காற்றுப் போன பழைய தோல் பந்து என்று எங்கள் ஒற்றை அறையின் ஜன்னல் மேடை நிறைந்துவிட்டது.

"ஊர்ல யாரெல்லாமோ ஜெயிச்சதுக்கு நம்ம ரூம்ல எடம். நாம நிக்கத்தான் எடம் இல்ல" என்பாள் மனைவி.

நாங்கள் குடியிருந்தது முதலியார்பேட்டையில், ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில். முன்கட்டில் வீட்டுக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் சொல்வதுபோல் தெருவே அவரை முசியே என்றுதான் கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். மனைவி இறந்து ரொம்ப வருஷம். ஒரே மகள் பிரான்ஸில். மகள் லீவுக்கு வருகிற மாதம் தவிர அந்த வீட்டில் அவர் தனியாகத்தான்.

சாயங்காலம் ஆனால் முசியே ஒரு பழைய தோல் பையை எடுத்துக்கொண்டு பெத்தாங் ஆடப் போவார். பெத்தாங் வேறொன்றுமில்லை. ஒரு சின்ன மரக்குண்டை மண் தரையில் தூர உருட்டிவிட்டு, கைக்குள் அடங்குகிற இரும்புக் குண்டுகளை அதற்குக் கிட்டத்தில் போய் விழும்படி வீச வேண்டும். யார் குண்டு கிட்டத்தில் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. ஒருவருக்கு மூன்று குண்டு. முசியேவின் மூன்றும் அவர் பாரிஸில் சிப்பாயாக இருந்தபோது வாங்கியவை. ஒவ்வொன்றிலும் இரண்டு வரிக்கோடு ஓடும். கோட்டுக்குப் பக்கத்தில் அவர் பெயரின் இரண்டு எழுத்துகளை உளியால் அடித்து வைத்திருந்தார். இரண்டாவது எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஆடிவிட்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்து பழைய பனியன் துணியால் துடைப்பார். நான் தண்ணீர்க் குடத்தோடு போகும்போது பார்ப்பேன். பார்த்தேன் என்பதுதான் பிறகு என் தலைவலி ஆயிற்று.

அந்த வருஷம் அவருக்கு இடுப்பில் ஒரு ஆபரேஷன் நடந்தது. மகள் வந்து இருந்து, பார்த்துக்கொண்டு, வீட்டையும் ஒட்டடை அடித்துச் சுத்தம் செய்துவிட்டு ஊர் திரும்பினாள். அவள் போன மறுநாள் முசியே கைத்தடியோடு மெல்ல நடந்து பின்கட்டு வாசலுக்கு வந்தார்.

"தம்பி, என் பையப் பாத்தியா?"

"எந்தப் பை முசியே?"

எந்தப் பை என்று எனக்குத் தெரியும். அவரிடம் இருப்பதே ஒரு பைதான். ஆனால் வாயில் அதுதான் வந்தது. தெரிந்துகொண்டே தெரியாததுபோல் கேட்டுவிட்டோமே என்று அப்போதே முதுகில் வியர்த்துவிட்டது.

"பெத்தாங் பை. வராந்தா அலமாரிக்குக் கீழ இருக்குமே."

"நான் பாக்கல முசியே. நான் அந்தப் பக்கமே வர்றதில்லையே."

அதுவும் பொய். கரண்ட் மீட்டர் அந்த அலமாரிக்கு நேர் மேலேதான் இருக்கிறது. மாதாமாதம் நான்தான் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வருவேன், அவர் கண்ணெதிரிலேயே.

"தக்கோர்" என்றார். சரி என்பதற்கு அவர் சொல்லும் பிரெஞ்சு வார்த்தை. சொல்லும்போது அவர் பார்வை என் தோளுக்கு மேலாக அறைக்குள் போனது. உள்ளே ஜன்னல் மேடையில் கோப்பையும் மெடலும் பந்தும் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

அவர் திரும்பிப் போன பிறகு நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் காணாமல் போனது விளையாட்டுச் சாமான். வீட்டில் விளையாட்டுச் சாமான் சேர்க்கிறவன் நான். இதற்குப் போலீஸ் எதற்கு? சின்னப் பிள்ளைகூடக் கூட்டிச் சொல்லிவிடும்.

மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நீ எடுத்தியா?"

"நானா? இன்னா கேள்வி இது!"

"எடுக்கலல்ல? அப்ப நேரா போய்க் கேளு. எம்மேல சந்தேகமா முசியேன்னு."

"கேட்டா, சந்தேகம் இல்லாதவருக்கும் வந்துடும்."

"அப்ப கேக்காத."

"கேக்காம இருந்தா, ஏன் இவன் ஒண்ணுமே பேச மாட்றான்னு நெனைப்பாரு."

"அப்ப உக்காந்து யோசிச்சுகினே இரு. சோறு ஆனதும் கூப்புடறேன்."

அவளுக்கு எதுவும் பெரிதாகத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. முசியே கோபப்பட்டு வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்றுகூட நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. ஒன்றும் சொல்லாமல் மனதுக்குள் திருடன் என்று வைத்துக்கொண்டு, நாளைக்கும் அதே 'தம்பி'யைச் சொல்வாரே, அதை எப்படிக் காதில் வாங்குவது என்பதுதான்.

அந்த ஞாயிறு மார்க்கெட்டுக்குப் போகாமலே இருந்துவிடலாமா என்று பார்த்தேன். வாராவாரம் போகிறவன் இந்த வாரம் மட்டும் போகாவிட்டால் அதற்கும் ஒரு அர்த்தம் வந்துவிடும். போனேன்.

கருவடிக்குப்பத்திலிருந்து ஒரு அக்கா மீன்பாடி வண்டியில் சாமான் கொண்டுவந்து நீலத் தார்ப்பாய் விரித்துக் கடை போடுவாள். நான் அதிகம் வாங்கியது அவளிடம்தான்.

"வா தம்பி. கப்பு கிப்பு ஒண்ணும் வர்ல இந்த வாரம். ஊர்ல யாரும் சாவல போல."

"பேச்சப் பாரு அக்கா."

"பின்ன? நானா போயி சாவச் சொல்ல முடியும்?"

நான் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தேன். தராசுப் படிக்கல், பித்தளைக் குழாய், உடைந்த இஸ்திரிப் பெட்டி. அதற்குப் பக்கத்தில் ஒரு அலுமினிய இட்லித் தட்டு. தட்டின் குழிகளில் இட்லிக்குப் பதிலாக மூன்று இரும்புக் குண்டு.

நான் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

"அது... இன்னா அக்கா?"

"வெள்ளக்காரன் கோலி. பெரிய ஆளுங்க கோலி."

ஒன்றை எடுத்துத் திருப்பினேன். இரண்டு வரிக்கோடு. பக்கத்தில் இரண்டு எழுத்து. இரண்டாவது சாய்ந்திருந்தது. சூடான பாத்திரத்தைப்போலத் திரும்ப வைத்துவிட்டேன்.

"யார் போட்டாங்க இத?"

"காயலாங்கடைல மொத்தமா எடைக்கு எடுத்தேன். போட்டவங்க போட்டோ புடிச்சா ஒட்டிக் குடுப்பாங்க? வேணும்னா எடு."

எடுத்திருக்கலாம். ஐம்பது ரூபாய்க்குள்தான் முடிந்திருக்கும். ஆனால் எடுத்துக்கொண்டு போய் முசியே கையில் கொடுத்தால் என்ன சொல்வார்? பையைக் காணோம் என்று கேட்டு நாலு நாளில் இவனே கொண்டுவந்து தருகிறான், சண்டே மார்க்கெட்டில் கிடைத்ததாம். யார் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன். எடுக்காமல் வந்தால் அடுத்த வாரம் யாரோ வாங்கிப் போய்விடுவார்கள், என் பேரை மீட்க இருந்த ஒரே சாட்சியும் போய்விடும். நின்றுகொண்டே இருந்தேன். வெயில் ஏறியது. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா தம்பி, மயக்கமா? தண்ணி குடிக்கிறியா?"

தண்ணீர் குடிக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. முசியேவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டால்? அவரே பார்க்கட்டும். அவரே கண்டுபிடிக்கட்டும். நான் பக்கத்தில் நின்று ஆச்சரியப்பட்டால் போதும்.

"அக்கா, இத யாருக்கும் குடுத்துடாத. அடுத்த வாரம் ஒருத்தரக் கூட்டிகினு வரேன்."

அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் எதையும் எடுத்து வைக்கச் சொன்னதே இல்லை. பார்த்த இடத்தில் காசு கொடுத்து வாங்கிப் பழக்கம்.

"ஒனக்குன்னு சொல்லிட்டல்ல. விடு. அது ஒன் சாமான்."

அந்த வாரம் எப்படிப் போயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. கடையில் ஒருவர் அரை இஞ்ச் கேட்டால் முக்கால் இஞ்ச் எடுத்துக் கொடுத்தேன். வாரத்தின் நடுவில் ஒருநாள் முன்கட்டில் டெலிபோன் அடித்தது. முசியே பிரெஞ்சில் சத்தமாகப் பேசினார். அவர் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் வாடகைக்கு இருப்பவரை 'லொக்கத்தேர்' என்று சொல்வார்கள் என்பது மட்டும் தெரியும். அந்தச் சொல் ஒரு தடவை காதில் விழுந்தது. பிறகு டெலிபோனை வைக்கும் சத்தம்.

"மக கிட்ட என்னப் பத்திச் சொல்லிட்டாரு" என்றேன் மனைவியிடம்.

"மழ பேஞ்சா தொட்டி நெறம்புதுன்னு சொல்லியிருப்பாரு. லொக்கத்தேர்னா நாம மட்டுந்தானா? ஊர்ல எவ்ளோ பேரு வாடகைக்குக் கெடக்குறாங்க."

சனிக்கிழமை சாயங்காலம் முசியே வராந்தா நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஆட்டத்துக்குப் போகும் நேரம் அது. கை மட்டும் மடியில் எதையோ உருட்டுவதுபோல் அசைந்துகொண்டிருந்தது.

"முசியே, நாளைக்கு என்கூட சண்டே மார்க்கெட் வரீங்களா? பழைய குண்டு ஏதாச்சும் கெடைக்கும்."

அவர் என்னைப் பார்த்தார்.

"தக்கோர்" என்றார்.

உள்ளே வந்து கண்ணாடி முன்னால் நின்று ஆச்சரியப்படும் முகத்தைப் பழகிப் பார்த்தேன். புருவத்தைத் தூக்கினேன். வாயைத் திறந்தேன்.

"அந்த மூஞ்சியோட போவாத" என்றாள் மனைவி. "இல்லாத சந்தேகமும் வந்துடும்."

மாதா கோவிலில் காலைப் பூசை முடிந்து முசியே வந்ததும் ஆட்டோ பிடித்துப் போனோம். கூட்டத்தில் அவர் கைத்தடி இடறாமல் நான் முன்னால் வழி விலக்கிக்கொண்டு நடந்தேன். நேராக அக்கா கடைக்குப் போனால் தெரிந்துவிடும் என்று நடுவில் ஒரு செருப்புக் கடையிலும் ஒரு கைலிக் கடையிலும் நின்றேன். முசியே ஒரு கைலியை விலை கேட்டார். எனக்கு உயிர் போயிற்று.

ஒருவழியாக நீலத் தார்ப்பாய். அக்கா எங்களைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள்.

"வா தம்பி, வாங்க ஐயா. ஒனக்காகவே வெச்சிருக்கேன் பாரு!"

பின்னாலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே மூன்று குண்டு. எவர்சில்வர் டம்ளர்போலப் பளபளத்தன. வெயில் பட்டு என் கண் கூசியது.

"இது எது அக்கா?"

"இன்னா எதுன்ற? நீ சொல்லி வெச்சதுதான். சொல்லி வெச்ச சாமான அழுக்கோட குடுத்தா மரியாதையா? எங்கூட்டுக்காரு பட்டறையில வீல்ல போட்டு சாணை புடிச்சு, பாலிஷ் போட்டுக் குடுத்திருக்காரு. ஒரு பொட்டு துரு இருக்கா பாரு!"

ஒன்றை வாங்கி உருட்டிப் பார்த்தேன். கோடு இல்லை. எழுத்து இல்லை. இன்னொன்றிலும் இல்லை. மூன்றாவதை எடுத்து முகத்துக்குக் கிட்டத்தில் பிடித்தேன். அதில் தெரிந்தது என் முகம் மட்டும், வாய் கோணிக்கொண்டு, நான் பழகாத ஒரு முகம்.

முசியே கை நீட்டினார். கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். விரல்கள் தாமாக அதைச் சுற்றி மடங்கின. பிறகு துணியின் மேல் மெதுவாக வைத்தார்.

"என்னுது இல்ல தம்பி."

"ஒங்களுதுதான் முசியே!" எப்படித்தான் வாயைவிட்டு வந்ததோ. "போன வாரம் எழுத்து இருந்துச்சு. கோடும் இருந்துச்சு. நானே பாத்தேன்."

"போன வாரமே பாத்தியா?"

பார்த்தேன் என்று தலையை ஆட்டினேன். ஆட்டும்போதே எல்லாம் முடிந்துபோயிற்று என்று தெரிந்துவிட்டது. நான் ஆச்சரியப்படவேண்டிய இடத்தில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன், சாட்சியும் அழிந்துவிட்டது. அக்கா நடுவில் புகுந்தாள்.

"எழுத்தா? ஏதோ கீறல் கெடந்துச்சுப்பா. அதான் நல்லா அழுத்தித் தேய்க்கச் சொன்னேன்."

முசியே கைத்தடியை ஊன்றித் திரும்பி நடந்தார்.

"இன்னா தம்பி, பெரியவரு வேணான்னுட்டுப் போறாரு? எங்கூட்டுக்காரு கை வலிக்கத் தேச்சிருக்காரே!"

அவள் முகத்தைப் பார்த்தேன். நல்லது செய்த முகம் அது. என் சட்டத்தை மீறி அவள் கேட்டதைக் கொடுத்து மூன்றையும் வாங்கினேன்.

திரும்பும்போது ஆட்டோவில் முசியே ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் மடியில் அந்தத் துணி மூட்டை. ஒவ்வொரு பள்ளத்திலும் குண்டுகள் ஒன்றோடொன்று மோதி 'டக்' என்றன. நான் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தேன். அப்போதும் 'டக்'. முசியே வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அவருடைய குண்டை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கிறேன். இப்படி ஒரு திருடன் ஊரில் உண்டா?

அந்த மூட்டையை நான் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஜன்னல் மேடையில் இருந்ததையும் எடுத்து அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டினேன். சண்டே மார்க்கெட்டுக்குப் போவதையே நிறுத்தினேன். முசியே ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாடகை வாங்கிக்கொண்டார், "தண்ணி வருதா?" என்று கேட்டார், 'தம்பி' என்றே கூப்பிட்டார். ஆட்டத்துக்கு மட்டும் போகவில்லை. சாயங்காலம் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். நான் வேலை முடிந்து வரும்போது கேட்டைச் சத்தம் வராமல் திறந்து சுவரோரமாகப் பின்கட்டுக்குப் போவேன். அப்படிப் போவதே திருட்டு முழி என்று நினைத்து மறுநாள் நடு வாசலில் சத்தமாக நடந்து போவேன்.

கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல் கேக் கொடுத்தனுப்பினார். தட்டை வாங்கி வைத்து வெகு நேரம் பார்த்தேன்.

"போன வருஷத்தவிட சின்ன துண்டா இல்ல?"

"கேக்க அளந்து பாக்குற ஆளு ஒலகத்துல நீ ஒருத்தன்தான்" என்று சொல்லி மனைவி ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வருஷ லீவுக்கு மகள் வந்தாள். வந்த இரண்டாம் நாள் நான் பின்பக்கக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது தேடிக்கொண்டு வந்தாள். பிரான்ஸிலேயே வளர்ந்தவள், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவாள்.

"அண்ணா, ஒரு உதவி. அப்பா கிட்ட பெத்தாங் பத்திப் பேசாதீங்க."

குடம் நிறைந்து வழிந்தது. நான் குழாயை மூடவில்லை.

"நான்தான் அந்தப் பைய பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டேன். டாக்டர் இனிமே குனியவே கூடாதுன்னார். குண்டு இருந்தா அப்பா ஆடாம இருக்க மாட்டார். அதான். சொன்னதும் ரொம்பக் கோபம். ஒரு மாசம் எங்கூடப் பேசவே இல்ல."

"எப்பம்மா சொன்னீங்க?"

"போன வருஷமே. நான் இங்கிருந்து போன அடுத்த வாரம், போன்ல."

அதாவது அந்த டெலிபோன். அதாவது சண்டே மார்க்கெட்டுக்கு முசியே என்னோடு வந்தபோது அவருக்கு எல்லாம் தெரியும். பை எப்படிப் போயிற்று என்றும் தெரியும், நான் எடுக்கவில்லை என்றும் தெரியும். ஒரு வருஷம் நான் சுவரோரமாக நடந்தது யாருக்காக?

மனைவியிடம் சொன்னேன். "இப்பவாச்சும் நிம்மதியாத் தூங்கு" என்றாள். தூங்க முடியவில்லை. தெரிந்திருந்தும் ஏன் தன்னுடையது இல்லை என்றார்?

இரண்டு நாள் கழித்து, மகள் கடைத்தெருவுக்குப் போயிருந்த சாயங்காலம், கட்டிலுக்கு அடியிலிருந்து மூட்டையை எடுத்தேன். வருஷம் முழுக்கத் தொடாததில் மெருகின் மேல் செம்புள்ளியாகத் துரு பிடித்திருந்தது. பின்பக்கத்தில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தேன். கைத்தடிச் சத்தம் கேட்டது. மறைக்க நேரமில்லை.

முசியே நின்று மூன்றையும் பார்த்தார்.

"நீதான் வாங்கி வெச்சிருக்கியா?"

"ஒங்களுதுதான் முசியே. அன்னைக்கு ஏன் இல்லன்னீங்க?"

"வேற இன்னா சொல்லச் சொல்ற? என் பொண்ணு எடைக்குப் போட்டுட்டா, அதத் திரும்ப வாங்க வந்திருக்கேன்னு அந்தப் பொம்பள கிட்ட சொல்லவா?" கை நீட்டினார். "ஒண்ணு குடு."

கொடுத்தேன். மண் தரை நடுவில் கிடந்த ஒரு செங்கல் துண்டைக் கைத்தடியால் காட்டினார். முழங்கையை லேசாகப் பின்னால் இழுத்து, உள்ளங்கை கீழே பார்க்க, வீசினார். குண்டு எழும்பி, மண்ணில் பொத்தென்று விழுந்து, கொஞ்சம் உருண்டு செங்கலைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

"எளச்சிருக்கு" என்றார். அவ்வளவுதான். "அடுத்தது."

மூன்றையும் வீசினார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் குனியக்கூடாது. நான் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். மறுபடி வீசினார். மறுபடி பொறுக்கினேன். அவர் முகத்தில் வேர்வை. காதோரம் சிவந்திருந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது, ஆட்டோ இந்த நேரத்தில் கிடைக்குமா என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"போதும் முசியே. டாக்டர் வேணான்னு சொல்லியிருக்காராம்."

"யாரு சொன்னா ஒனக்கு?"

நான் குண்டில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினேன். சொல்லாதே என்று மகள் கேட்டுக்கொண்டது பெத்தாங் பற்றித்தானா, டாக்டர் பற்றியுமா என்று எனக்கு விளங்கவில்லை.

"அவகிட்ட வாயத் தொறக்காத, தெரிதா?" என்றார் முசியே. "இதெல்லாம் ஒன் ரூம்லயே இருக்கட்டும். கட்டிலுக்கு அடியில போட்டு வை. நாளைக்கு அவ கோவிலுக்குப் போவா. அப்ப வரேன்."

மகள் அப்பாவிடம் பேசாதே என்கிறாள். அப்பா மகளிடம் சொல்லாதே என்கிறார். ஒரு வருஷம் நான் திருடாத சாமானுக்குத் திருடன்போல நடந்தேன். இப்போது நிஜமாகவே ஒளித்து வைக்கச் சொல்கிறார்கள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் அதற்குள் கையை நீட்டிக்கொண்டு நின்றார். உள்ளங்கையில் குண்டு அடங்கும் அளவுக்கு விரல்களைக் குழித்து வைத்துக்கொண்டு.

"இன்னும் ஒரே ஒரு தடவ. குடு."

கொடுத்தேன். அவர் செங்கலைப் பார்த்துக் குறிவைத்தார். நான் முன்பக்கக் கேட் திறக்கும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு, பொறுக்குவதற்காகக் குனிந்தபடியே நின்றேன்.